கலி இல்லாத அனார்கலி

நூல்கண்டு | ஆகஸ்ட் 5, காலை 9.20
‘மொகலே ஆஸம்’ இந்திப் படம் வெளியானது 1960-இல் இதே தேதியில். அதை ஒட்டி ஒரு கேள்வி. நம் கடைகளில் தொங்கும் அனார்கலி சுடிதார், அதில் அனார்கலியாக நடித்த மதுபாலா கண்ணாடி மகாலில் ஆடும்போது போட்டிருக்கும் உடையிலிருந்து வந்தது. அந்த உடை அக்பர் காலத்து உடை. அப்படியானால் நாம் போடுவது 400 வருஷத்துக்கு முந்தைய முகலாய உடை. சரிதானே? அதே மாதிரி ஒன்று தைக்க 44 பன்னாவில், அதாவது 44 இன்ச் அகலத் துணியில், 6 மீட்டர் ஆகும் என்கிறார் டெய்லர். அதுவும் சரியா?

பழையரீல் | ஆகஸ்ட் 5, காலை 10.05
பெயர் படத்திலிருந்து வந்தது, அதில் தகராறு இல்லை. உடை அக்பர் காலத்ததா என்றால், இல்லை.

அக்பர் காலத்து ஓவியங்களைப் பாருங்கள். ஆண்கள் போடும் ஜாமா என்ற நீள அங்கியின் கீழ்விளிம்பு நான்கைந்து கூர்முனைகளாகத் தொங்கும், சக்தார் ஜாமா என்பார்கள். பெண்களில் சிலர் மத்திய ஆசியப் பாணியில் உயரமான சகதாய்த் தொப்பி வைத்திருப்பார்கள், மற்றவர்கள் சோளி, பாவாடை, ஓட்னி என்ற முக்காட்டுத் துணி. மார்புக்கு அடியிலேயே இடுப்புக்கோடு வைத்து, அங்கிருந்து குடையாக விரியும் உடை அவற்றில் பெரிதாகக் கண்ணில் படாது.

ஆனால் பேஷ்வாஸ் என்ற பெயர் அப்போதே உண்டு. அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் ஆயின்-இ-அக்பரியில் ஆடைகளை வரிசையாகச் சொல்லும்போது, தகௌசியா என்ற மேலங்கி மாதிரியே இருக்கும், முன்பக்கம் கட்டுவது என்று பேஷ்வாஸைக் குறிப்பிடுகிறார். இந்தப் பேஷ்வாஸ்தான் பின்னால் பாவாடை விரிந்து விரிந்து, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் லக்னோ தவாயிஃப்களின், அதாவது ஆடல் பாடல் கணிகையரின், ஆட்ட உடையாகவும் கதக் உடையாகவும் ஆனது. படத்தில் நீங்கள் பார்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தை. படத்துக்கு நடனம் அமைத்தவர் லச்சு மகராஜ், லக்னோ கதக் பரம்பரை. சக்கர் சுற்றும்போது பாவாடை விரிந்தாக வேண்டும். அக்பர் காலத்து உடை அதற்கு உதவாது.

ஜரிகை | ஆகஸ்ட் 5, காலை 11.30
இயக்குநர் கே. ஆசிஃப் துணிக்கு மட்டும் குறை வைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடைகள் மக்கன்லால் கம்பெனி. தையல்காரர்கள் டெல்லியிலிருந்து, எம்பிராய்டரி ஹைதராபாத்திலிருந்து, செருப்பு ஆக்ராவிலிருந்து.

பழையரீல் | ஆகஸ்ட் 5, காலை 11.48
எம்பிராய்டரி சூரத், கம்பாத். ஹைதராபாத் நகைக்கு. கிரீடங்களுக்குக் கோலாப்பூர், ஆயுதங்களுக்கு ராஜஸ்தான் கொல்லர்கள். செருப்பும் தையல்காரர்களும் நீங்கள் சொன்னதுதான்.

ஜரிகை | ஆகஸ்ட் 5, மதியம் 12.02
ஆமாம், மாற்றிச் சொல்லிவிட்டேன்.

கத்தரி | ஆகஸ்ட் 5, மாலை 6.40
6 மீட்டர் கணக்குக்கு வருகிறேன். நீங்கள் அளவு தரவில்லை, நானே வைத்துக்கொள்கிறேன். மார்புக்கு அடியில் சுற்றளவு 32, லூஸ் 2, ஆக 34 இன்ச். தோளிலிருந்து யோக், அதாவது உடையின் மேல்பாகம், 14. மொத்த நீளம் 52. கீழ்ப்பாகம் 38.

அம்ப்ரெல்லா கட் என்றால் முழு வட்டம். 34-ஐ 6.28-ஆல் வகுத்தால் 5.4. உள்வட்டத்துக்கு அதுதான் ஆரம். அதோடு 38, மடிப்புக்கு 1. வெளி ஆரம் 44.4. இரண்டு அரைவட்டமாக வெட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நீளம் 89 இன்ச், இரண்டுக்கும் 178, அதாவது நாலரை மீட்டர். யோக், முழுக்கை, கழுத்துப் பட்டைக்கு ஒன்றேகால். ஐந்தேமுக்கால் ஆகிறது. உங்கள் டெய்லர் 6 கேட்டது நியாயம்தான். லைனிங்கும் கால்சட்டையும் இதில் சேராது.

ஒரு சிக்கல். 44 பன்னா என்று சொன்னாலும் கரை போக 43½தான் கையில் இருக்கும். நமக்கு வேண்டியது 44.4. ஒரு இன்ச் இடிக்கிறது. நீளத்தை 37 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் யோக்கை 15 ஆக இறக்க வேண்டும். யோக் இறங்கினால் மதுபாலா உடைக்குரிய உயரமான இடுப்புக்கோடு போய்விடும். கடைசி வழி 58 பன்னா.

நூல்கண்டு | ஆகஸ்ட் 5, மாலை 7.15
அரைவட்டம் வெட்டினால் மூலைகளில் துணி வீணாகுமே? யோக்கை அதில் எடுக்கலாமா?

கத்தரி | ஆகஸ்ட் 5, மாலை 7.33
நான்கு மூலை மிஞ்சும். ஒவ்வொன்றிலும் 13 இன்ச் சதுரத்துக்கு மேல் வராது. குட்டைக்கை எடுக்கலாம், கழுத்துப் பட்டை எடுக்கலாம். மணிக்கட்டைத் தாண்டிச் சுருங்கி நிற்கும் சுடிக்கை வைப்பதாக இருந்தால் கையே 28 இன்ச் வேண்டும், மூலை போதாது.

ஓரத்தையல் | ஆகஸ்ட் 6, காலை 7.10
கத்தரி அண்ணா, 5.4-இல் வெட்டினால் உடை பாழ். அரை இன்ச் உள்ளே தைப்போம் இல்லையா, அப்போது தையல் விழும் இடத்தின் ஆரம் 5.9. சுற்றளவு 37. யோக் 34. மூன்று இன்ச் மிஞ்சும், அதைச் சுருக்கு வைத்துத் திணிப்பார்கள். அம்ப்ரெல்லா சுடிதாரில் வயிற்றுக்கு மேலே உப்பிக்கொண்டு நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வெட்ட வேண்டியது 4.9. அதிலும் கால் இன்ச் வரை குறைக்கலாம், ஏனென்றால் வட்டத்தின் உள்விளிம்பு பாதி இடங்களில் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, இருக்கிறது, கையில் எடுத்தவுடன் இழுத்துக்கொள்ளும். வெட்டியதும் மேசையை விட்டு எடுக்காமல் அந்த விளிம்பில் ஒரு வரி கட்டுத்தையல் ஓட்டிவிட வேண்டும். பிறகுதான் மற்ற வேலை.

கத்தரி | ஆகஸ்ட் 6, காலை 8.25
ஒப்புக்கொள்கிறேன். 4¾ என்று திருத்தி வாசியுங்கள். வெளி ஆரம் மாறாது.

குஞ்சம் | ஆகஸ்ட் 6, காலை 9.00
மூன்று இன்ச் உப்பலுக்கு நான் இத்தனை நாள் இட்லியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கத்தரி | ஆகஸ்ட் 6, இரவு 9.50
நேற்று சொல்லாமல் விட்டது. நீங்கள் கேட்பது மதுபாலா உடை மாதிரி என்றால், அம்ப்ரெல்லா கட்டே தவறான வழி. அந்த வம்சத்து உடை கலி உடை. நம் ஊர்க் கடைகளில் பேனல் என்பார்கள். மேலே குறுகி, கீழே அகன்ற துண்டுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைப்பது.

அதே அளவுக்கு 12 கலி போட்டுப் பார்ப்போம். 34-ஐ 12-ஆல் வகுத்து, இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை விட்டால், மேல் அகலம் 3¾-க்கு மேல் ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச். கீழ் அகலம் 14, தையலோடு 15. நீளம் 40 எடுங்கள்.

இதை இரண்டு பக்கமும் சாய்த்து வெட்டுவது இப்போதைய பழக்கம். பழைய முறை வேறு. 18¾-க்கு மேல் ஒரு நூல் அகலத்தில் செவ்வகம் எடுத்து, ஒரே ஒரு கோணல் வெட்டு. ஒன்றுக்கு இரண்டாகக் கலி கிடைக்கும், துளித் துணி வீணாகாது. ஒவ்வொரு கலிக்கும் ஒரு பக்கம் நேர் இழை, ஒரு பக்கம் சாய்வு. தைக்கும்போது ஒன்றின் சாய்வை அடுத்ததன் நேர் இழையோடு சேர்க்க வேண்டும். நேர் இழை சாய்வைப் பிடித்து நிறுத்தும், துணி தொங்காது. சாய்வோடு சாய்வைச் சேர்த்தால் இரண்டும் இழுபட்டு, மூட்டு முழுக்க அலை அலையாக வரும்.

43½ அகலத்தில் இரண்டு செவ்வகம், நான்கு கலி. மூன்று நீளத்தில் 12 கலி முடிந்தது. 120 இன்ச், மூன்று மீட்டருக்குச் சற்று மேல். ஓரத்தில் ஆறு இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு நீளப் பட்டை மிஞ்சும். பைப்பிங்குக்கும் கட்டு நாடாவுக்கும் அதுவே தாராளம்.

சாய்வுப் பக்கம் நேர்ப் பக்கத்தைவிட ஒன்றரை இன்ச் நீளமாக இருக்கும். தைத்து முடித்து, கீழே அதை வளைத்து வெட்டாவிட்டால் 12 இடத்தில் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஓரத்தையல் | ஆகஸ்ட் 7, காலை 6.45
கணக்கு சரி. ஆனால் ஒப்பீடு சரியில்லை. அம்ப்ரெல்லாவின் கீழ்ச் சுற்று 273 இன்ச். உங்கள் 12 கலி 168. குறைந்த வீச்சுக்குக் குறைந்த துணி, இதில் என்ன ஆச்சரியம்?

கத்தரி | ஆகஸ்ட் 7, மதியம் 1.20
நல்ல கேள்வி. 24 கலி போடுங்கள். மேல் அகலம் தையலோடு 2.4, கீழ் அகலம் தையலோடு 12. செவ்வகம் 14.4. 43½-இல் மூன்று செவ்வகம் இழைத்தது போல் உட்காரும். ஒரு நீளத்தில் ஆறு கலி, நான்கு நீளம், 160 இன்ச், நாலு மீட்டருக்கு மேல் இரண்டரை இன்ச். கீழ்ச் சுற்று 264. கிட்டத்தட்ட அதே வீச்சு, அரை மீட்டர் துணி மிச்சம்.

மிச்சம் துணியில்தான். கூலியில் இல்லை. அம்ப்ரெல்லாவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே மூட்டு, சுமார் 2 மீட்டர் தையல். 12 கலிக்கு 12 மீட்டர். 24 கலிக்கு 23 மீட்டருக்கு மேல், அதற்கு ஓவர்லாக் தனி. மூட்டுக்கு ஒரு நூல் பிசகினால் 24 மூட்டில் மூன்று இன்ச் பிசகும், மேலே யோக்கில் சேராது.

கலி மறைந்ததற்கு இதுதான் காரணம். பட்டும் ஜரிகைத் துணியும் விலை உயர்ந்ததாக, குறுகிய தறியில் வந்த காலத்தில் துணியை மிச்சம் பிடித்தார்கள், கைவேலைக்கு ஆள் இருந்தது. இன்று ஜார்ஜெட் சகாயம், தையல் நேரம்தான் காசு. கலி வெட்டி உட்கார்ந்தால் எந்தக் கடைக்கும் கட்டாது.

பழையரீல் | ஆகஸ்ட் 7, மாலை 4.10
இதில் ஒரு வேடிக்கை. அனார் என்றால் மாதுளை. கலி என்றால் மொட்டு. அனார்கலி, மாதுளை மொட்டு. அந்தத் துணித் துண்டுக்கும் கலி என்றுதான் பெயர், அதே சொல், விரியாத மொட்டு மாதிரி மேலே ஒடுங்கி இருப்பதால். ஆக இன்று கடையில் கிடைக்கும் முக்கால்வாசி உடைக்குப் பெயரில் மட்டும்தான் கலி இருக்கிறது.

குஞ்சம் | ஆகஸ்ட் 7, மாலை 4.18
கலி முற்றிப்போச்சு என்று பாட்டிகள் சொன்னதெல்லாம் தையல் கடையைப் பற்றியா?

பழையரீல் | ஆகஸ்ட் 7, மாலை 4.31
அவர்கள் சொன்னது சுடிதாரைப் பற்றி. அதிலும் தப்பு இருக்கிறது. சுடி என்றால் வளையல். கணுக்காலில் வளையல் அடுக்கியது போல் சுருங்கி நிற்கும் கால்சட்டைக்கு மட்டும்தான் அந்தப் பெயர். நாம் மேல்சட்டை, துப்பட்டா எல்லாவற்றையும் சேர்த்துச் சுடிதார் ஆக்கிவிட்டோம்.

ஜரிகை | ஆகஸ்ட் 8, காலை 10.40
பார்டர் விஷயத்தை யாரும் தொடவில்லையே. அம்ப்ரெல்லா வட்டத்தில் 2 இன்ச் ஜரிகை பார்டர் வைத்தால், கீழ் ஓரம் ஒட்டும், மேல் ஓரம் பன்னிரண்டரை இன்ச் மிஞ்சும். பார்டர் நேர், பாவாடை வளைவு. அந்த மிச்சத்தை ஏழு மீட்டரும் சுருக்கிக்கொண்டே போக வேண்டும், தகட்டு ஜரிகை அதற்கு மடங்காது, உடையும்.

12 கலியில் மொத்த மிச்சமே 7 இன்ச்தான். அதுவும் மூட்டுக்கு மூட்டு, அரை இன்ச்சுக்குச் சற்றுக் கூட. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சின்ன மடிப்பு, மூட்டோடு மூட்டாக மறைந்துவிடும். பழைய கோட்டா (ஜரிகை நாடா) வேலை உடைகளைத் திருப்பிப் பார்த்தால் மடிப்பெல்லாம் கலி மூட்டில்தான் உட்கார்ந்திருக்கும். மூட்டுகளின் மேலேயே கோட்டா ஓட்டுவதும் இதனால்தான். அழகுக்கும் ஆச்சு, தையலை மறைத்ததும் ஆச்சு.

நூல்கண்டு | ஆகஸ்ட் 8, மாலை 5.55
அப்படியானால் வெல்வெட்டில் 12 கலி போடலாம் என்றிருக்கிறேன். கலர் கூடப் பார்த்துவிட்டேன், படத்தில் மதுபாலா முதலில் வரும் காட்சிகளில் இருக்கும் கலர்.

கத்தரி | ஆகஸ்ட் 8, மாலை 6.20
வெல்வெட்டா? நில்லுங்கள். கோணல் வெட்டில் ஒரு கலி நேராகவும் அடுத்தது தலைகீழாகவும் வரும். வெல்வெட் மயிர் ஒரு திசையில் படுத்திருக்கும். ஒன்று விட்டு ஒன்று அடர்நிறம், வெளிர்நிறம் என்று கோடு கோடாகத் தெரியும். சாட்டினிலும் கொஞ்சம் தெரியும். நிற்கும் பூ டிசைன் பிரிண்டில் பாதிப் பூ தலைகீழ்.

எல்லாக் கலியையும் ஒரே திசையில் வெட்டினால் அகலத்துக்கு இரண்டுதான் வரும். ஆறு நீளம், 240 இன்ச், 6.1 மீட்டர். யோக், கை தனி. கலியின் சிக்கனம் எல்லாம் போயிற்று.

எடையும் பாருங்கள். யோக் தையலில் அவ்வளவு பாரமும் தொங்கும். இடுப்புக்கோட்டில் இழுபடாத பருத்தி நாடா ஒன்றைச் சுற்றிலும் வைத்துத் தைக்காவிட்டால், நாலு முறை போட்டால் யோக் ஒரு இன்ச் கீழே இறங்கும்.

பழையரீல் | ஆகஸ்ட் 8, இரவு 8.05
கலர் பற்றி. நீங்கள் பார்த்தது 2004-இல் வண்ணம் ஏற்றி நவம்பரில் வெளியிட்ட பிரதி. 1960-இல் படத்தின் 85 சதவீதம் கறுப்பு வெள்ளை. கண்ணாடி மகால் பாட்டும் கடைசி ரீல்களும்தான் டெக்னிகலரில் எடுத்தவை. அந்தக் காட்சிகளில் துணியின் நிறம் காமிராவுக்கு முன்னால் இருந்த நிறம். மற்ற காட்சிகளில் நீங்கள் காண்பது 44 வருஷம் கழித்துக் கம்ப்யூட்டரில் முடிவு செய்த நிறம். அசல் என்று டெய்லரிடம் காட்டினால் அது அசல் இல்லை.

கறுப்பு வெள்ளைக் காட்சிகளைக் கலரை மறந்துவிட்டுப் பாருங்கள். நிறத்தால் துணியைப் பிரித்துக் காட்ட முடியாது, எனவே மினுமினுப்பால் பிரித்திருக்கிறார்கள். ஜரிகை, முத்து, மெல்லிய ஓட்னி, அடியில் கனத்த துணி. இன்றைக்கும் அனார்கலி என்றால் யோக்கில் கனமான வேலை, கீழே வெறும் விரிவு, விளிம்பில் மறுபடி வேலை என்றுதான் இருக்கிறது.

ஜரிகை | ஆகஸ்ட் 8, இரவு 8.40
கண்ணாடி மகாலில் மினுமினுப்பே தொல்லையாகவும் இருந்ததே. செட் முழுக்க பெல்ஜியம் கண்ணாடி, விளக்கு போட்டால் கூசுகிறது. கண்ணாடி மேல் மெழுகு பூசியும், ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூர் அங்கங்கே துணிப் பட்டைகளை வைத்து ஒளியைத் திருப்பியும்தான் எடுத்தார்கள்.

நூல்கண்டு | ஆகஸ்ட் 9, காலை 8.50
படம் 1960. ஆனால் 60-களின் பழைய ஆல்பங்களில் யாரும் அனார்கலி போட்டிருக்கவில்லையே. உடனே ஏன் பரவவில்லை?

பழையரீல் | ஆகஸ்ட் 9, காலை 11.15
அந்தப் பத்தாண்டின் மோகம் நேர் எதிர். 1965-இல் ‘வக்த்’ படத்தில் நடிகை சாதனாவுக்கு பானு அதையா வடிவமைத்த, உடம்போடு ஒட்டிய கையில்லாத குர்தாவும் சுடிதாரும்தான் கல்லூரி வரைக்கும் போனது. அதற்கு இரண்டேகால் மீட்டர் போதும், பஸ்ஸிலும் ஏறலாம். அனார்கலி உடை மேடையிலேயே தங்கிவிட்டது. கதக், தர்பார் காட்சி, பள்ளிக்கூட மாறுவேடம்.

திரையிலும் தவாயிஃப் கதைகள் வழியாகத்தான் அது உயிரோடு இருந்தது. 1972-இல் ‘பாகீஸா’, அதற்கு மீனா குமாரியே உடை வடிவமைத்தார். 1981-இல் ‘உம்ராவ் ஜான்’, உடை சுபாஷிணி அலி. சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியின் மகள், பின்னால் கான்பூர் எம்.பி. கடைகளில் ரெடிமேடாகக் குவிந்தது 2000-க்குப் பிறகுதான், பெரும்பாலும் அம்ப்ரெல்லாவாக. படம் பெயரைக் கொடுத்தது, சந்தை வெட்டைக் கொடுத்தது.

தமிழில் இந்தப் படமே ‘அக்பர்’ என்ற பெயரில் 1961-இல் டப் ஆகி வந்து, ஓடவில்லை. அக்பர் என்று பெயர் வைத்தால் சுடிதாருக்கு எப்படி ஒட்டும்?

குஞ்சம் | ஆகஸ்ட் 9, காலை 11.21
அக்பர் சுடிதார், 6 மீட்டர், ஆண்களுக்கும் பொருந்தும்.

ஓரத்தையல் | ஆகஸ்ட் 10, காலை 7.00
நூல்கண்டு, வெல்வெட்டை விட்டுவிட்டுக் கனமான பட்டுக் காட்டனிலோ டாஃபெட்டாவிலோ 12 கலி போடுங்கள், 4.3 மீட்டர் போதும். டாஃபெட்டா எடுத்தால் ஒரு துண்டை முதலில் தலைகீழாக வைத்து வெளிச்சத்தில் நிறம் மாறுகிறதா பாருங்கள். யோக்கையும் பாவாடையையும் இணைத்த பிறகு இரண்டு நாள் ஹேங்கரில் தொங்கட்டும். கலியில் அரை இன்ச் இறங்கினால் அதிகம். அம்ப்ரெல்லா ஜார்ஜெட்டில் நான்கு மூலைக் கிராஸிலும் இரண்டு இன்ச் வரை இறங்கும், அதைத் தொங்கவிடாமல் மடித்தடித்துவிட்டு, துவைத்ததும் கோணிவிட்டது என்று டெய்லரைத் திட்டுவார்கள். லைனிங்கைக் குடையாக வெட்டாதீர்கள், ஆறு துண்டில் சாதா ஏ-லைன் போதும், வெளித்துணியைவிட ஒன்றேகால் இன்ச் குட்டையாக.

கால்சட்டை கிராஸில் வெட்டியதாக இருக்கட்டும், கால் நீளத்துக்கு மேல் 10 இன்ச் கூட. இரண்டரை மீட்டர். கணுக்கால் வாயைக் குதிகால் சுற்றளவுக்கு வைக்க மறந்துவிடாதீர்கள்.

நூல்கண்டு | ஆகஸ்ட் 10, காலை 9.35
குதிகால் சுற்று 12. வாய் 12-ஆ வைக்கச் சொல்ல வேண்டும்?

ஓரத்தையல் | ஆகஸ்ட் 10, காலை 9.50
கிராஸ் துணி கொடுக்கும், 11 போதும். நேர் துணியில் வெட்டிவிட்டார்கள் என்றால் 12, இல்லாவிட்டால் மூன்று இன்ச் திறப்பு வைத்து இரண்டு ஹூக்.